ஏழாவது பின்

இன்ஜினியர்: …ஸ்பேரா கொடுத்து வெச்ச நாலு பின்னுமா ஆத்துல விழுந்துச்சு?

பம்ப்காரர்: நாலும்தான் மேடம். டப்பாவோட போயிடுச்சு.

இன்ஜினியர்: ஆறு இங்கிருந்து அம்பது அடி தள்ளி இருக்கு. பம்ப் ரூம்ல இருந்த டப்பா எப்படி அங்க போச்சு?

பம்ப்காரர்: கழுவலாம்னு எடுத்துட்டுப் போனேன்.

இன்ஜினியர்: புதுப் பின்ன… கழுவறதுக்கு.

பம்ப்காரர்: பளபளன்னு இருந்தா நல்லா இருக்குமேன்னு…

படகுக்காரர்: அவன் அப்படித்தான் மேடம். சுத்தம்னா உயிர விட்டுடுவான். ஒரு தடவ ஸ்பேனருக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினான். ஏன் மாப்ள, இல்லைன்னு சொல்லு பாப்போம்?

பம்ப்காரர்: நீ கொஞ்சம் சும்மா இரு மச்சான்.

இன்ஜினியர்: நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?

படகுக்காரர்: என் தங்கச்சியத்தான் இவன் கட்டியிருக்கான் மேடம். பன்னெண்டு வருஷமாச்சு. நான் கீழ டவுன்ல கம்பெனிப் படகு ஓட்டறேன், இவன் இங்க கம்பெனிப் பம்ப் ஓட்டறான். பம்ப் நின்னாதான் எனக்கு வேலை. அதனால இவன் மேல எனக்குத் தனிப் பாசம்.

பம்ப்காரர்: மச்சான்…

படகுக்காரர்: என்னடா? சிரிக்கத்தானே சொன்னேன்.

இன்ஜினியர்: பதினாலு மாசத்துல ஏழு தடவ நின்னிருக்கு. எங்க கம்பெனி இந்த ஆத்தங்கரை முழுக்க முப்பத்தி ரெண்டு பம்ப் வெச்சிருக்கு. மத்த இடத்துல வருஷத்துக்கு ஒரு பின் உடையும். இங்க மட்டும் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு.

பம்ப்காரர்: எங்க ஆத்துல மணல் ஜாஸ்தி.

இன்ஜினியர்: மணல் எடுத்துப் பாத்தாச்சு. எல்லா இடத்துலயும் ஒரே மணல்தான்.

பம்ப்காரர்: கட்டை வந்து சிக்கும். வேர் வரும். ஒரு தடவ மீன்கூட…

இன்ஜினியர்: மீனு!

பம்ப்காரர்: பெரிய மீனு மேடம்.

இன்ஜினியர்: இந்தப் பின் எதுக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?

பம்ப்காரர்: தெரியாம இருக்குமா? மோட்டாரையும் பம்பையும் சேத்துப் பிடிக்கறது இதுதான். உள்ள எதாவது சிக்கிச்சுன்னா மோட்டார் எரியக் கூடாது, அதுக்கு முன்னாடி இது உடையணும். அப்போ அது தன் வேலையத்தானே மேடம் செஞ்சிருக்கு?

இன்ஜினியர்: நல்லா பேசறீங்க.

படகுக்காரர்: என் தங்கச்சியும் அதத்தான் சொல்லுவா. பேச்சுல மயங்கித்தான் கட்டிக்கிட்டாளாம். எங்கடா அவ? படகு சத்தம் கேட்டா முதல் ஆளா கரைக்கு வந்து நிப்பா, இன்னிக்குக் காணோம்.

பம்ப்காரர்: மச்சான், மூட்டை ஒண்ணு இருக்கு. ஏத்திட்டுப் போகணும்.

படகுக்காரர்: அது தெரிஞ்ச விஷயம்தானே. யார் வீட்டு மூட்டை? கடைக்காரர் வீட்டுதா?

பம்ப்காரர்: இல்ல.

படகுக்காரர்: பின்ன? டீச்சர் வீட்டுதா?

பம்ப்காரர்: நம்ம வீட்டுது.

படகுக்காரர்: நம்ம வீட்டுதுன்னா?

பம்ப்காரர்: உன் வீட்ல இருந்து என் வீட்டுக்கு வந்தது.

இன்ஜினியர்: என்ன மூட்டை?

பம்ப்காரர்: துணி மூட்டை மேடம். டவுன்ல கொடுக்க வேண்டியது.

படகுக்காரர்: எத்தனை நாளா… கட்டி வெச்சிருக்க?

பம்ப்காரர்: மூணு நாளா.

படகுக்காரர்: சூடு இருக்கா?

பம்ப்காரர்: கொதிக்குது.

இன்ஜினியர்: துணி மூட்டை கொதிக்குதா?

பம்ப்காரர்: வெயில்ல… வெயில்ல வெச்சிருந்தோம்.

படகுக்காரர்: மேடம், பின்ன மாத்தறதுக்குப் பத்து நிமிஷம் ஆகுமா? மாட்டிடுங்க, உடனே கெளம்பிடலாம்.

இன்ஜினியர்: இப்பதானே வந்தோம்? மணி பத்தரைகூட ஆகல.

படகுக்காரர்: தண்ணி எறங்கிடும் மேடம். மத்தியானத்துக்கு மேல அந்தப் பாறைப் பக்கம் படகு தட்டும்.

இன்ஜினியர்: வரும்போது வேற மாதிரி சொன்னீங்களே. மேல மழை, ஒரு வாரத்துக்குத் தண்ணி குறையாது, எப்ப வேணா போகலாம்னு.

படகுக்காரர்: அது… பேச்சுக்குச் சொன்னது.

இன்ஜினியர்: படகு நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் இங்கதான் நிக்கும். இந்தப் பம்ப என் கண்ணு முன்னாடி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாக்கணும். ராத்தங்கறதுக்குத்தான் பை கொண்டு வந்திருக்கேன்.

பம்ப்காரர்: நாளைக்குச் சாயந்தரமா!

இன்ஜினியர்: ஏன், நான் இருந்தா கஷ்டமா?

பம்ப்காரர்: ஐயோ, அப்படி இல்லீங்க… இங்க தங்கறதுக்கு வசதி இல்ல. கொசு ஜாஸ்தி.

படகுக்காரர்: கொசுன்னா சாதாரணக் கொசு இல்ல மேடம். தூக்கிட்டுப் போயிடும்.

இன்ஜினியர்: தூக்கிட்டுப் போனா டவுன்லயே இறக்கிவிடச் சொல்லுங்க, படகு மிச்சம். அந்தப் பைய இப்படிக் கொடுங்க. லென்ஸ் அதுல இருக்கு.

பம்ப்காரர்: லென்ஸா? அது எதுக்கு? கண்ணாடிக்காரர் வந்தா பின்னத் தட்டி எடுப்பாரு, புதுசு போடுவாரு, ஒரு டீ குடிப்பாரு, கெளம்பிடுவாரு. லென்ஸெல்லாம் எடுத்ததே இல்ல.

இன்ஜினியர்: கண்ணாடிக்காரர் யாரு?

பம்ப்காரர்: உங்க பெரிய மெக்கானிக்தான் மேடம். சோடாபுட்டி கண்ணாடி போட்டிருப்பாரே. ஒவ்வொரு தடவையும் அவர்தான் வருவாரு. இந்தத் தடவ ஏன் வரல?

இன்ஜினியர்: லீவுல இருக்காரு.

படகுக்காரர்: நானும் கேட்டேன்டா, இதத்தான் சொன்னாங்க. அந்த மனுஷன் லீவு போட்டு நான் பாத்ததே இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா மேடம்?

இன்ஜினியர்: உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்காரு. அந்த ஜன்னலத் திறங்க, வெளிச்சம் வேணும்.

பம்ப்காரர்: அது துருப்பிடிச்சுப் போச்சு, திறக்காது…

இன்ஜினியர்: திறந்துடுச்சே.

பம்ப்காரர்: உங்க கை ராசி.

இன்ஜினியர்: இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் வந்து எறங்கற வரைக்கும் இந்தப் பின்ன யாராவது கழட்டினாங்களா?

பம்ப்காரர்: இல்ல. நேத்துக் காலையில டக்குன்னு சத்தம் வந்துச்சு, பம்ப் நின்னுச்சு. நின்ன உடனே பம்ப்ல மாட்டியிருக்கற உங்க சாட்டிலைட் பெட்டி தானா ஆபீசுக்குத் தகவல் அனுப்பிடுச்சு. அதோட சரி. நான் கிட்டவே போகல.

இன்ஜினியர்: கழட்டினது நான். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான் நின்னீங்க. வேற யார் கையும் படல.

பம்ப்காரர்: படல மேடம்.

இன்ஜினியர்: அப்ப இதப் பாருங்க. பின் உடைஞ்ச முகம். இந்தப் பாதி கரடுமுரடா இருக்கு, பிச்சுக்கிட்டு வந்த மாதிரி. இந்தப் பாதி?

பம்ப்காரர்: எனக்குப் பார்வை கொஞ்சம்…

இன்ஜினியர்: நேர்கோடா இருக்கு. பக்கம் பக்கமா சின்னச் சின்னக் கோடு. ரம்பம் போட்டு அறுத்த கோடு. பாதி அறுத்து விட்டிருக்கு, மீதிய மோட்டார் உடைச்சிருக்கு.

பம்ப்காரர்: கம்பெனியில தயார் பண்றப்பவே அப்படி…

இன்ஜினியர்: அறுத்திருக்காங்க. இங்க. அவரு வராத தடவையும்.

படகுக்காரர்: அவரு வராத தடவையும்னா?

இன்ஜினியர்: ஒண்ணுமில்ல. இதுக்கு முன்னாடி உடைஞ்ச ஆறும் ஆபீஸ்ல இருக்கு. லேப்ல பாத்தாங்க. முதல்ல உடைஞ்சது மட்டும் தானா உடைஞ்சது. மத்த அஞ்சும் ரம்பம் பட்டது. அதுல கடைசி மூணுல, ரம்பக் கோடு தெரியாம இருக்கறதுக்காக யாரோ அரம் போட்டுத் தேச்சிருக்காங்க. தேச்சாலும் அடியில கோடு இருக்கும். லென்ஸ்ல தெரியும்.

படகுக்காரர்: மாப்ள, மணி என்னடா?

பம்ப்காரர்: பதினொண்ணு ஆகப் போகுது.

படகுக்காரர்: மேடம், உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். நான் மட்டும் படக எடுத்துட்டுப் போயிட்டு நாளைக்கு விடியக்காலம் வந்துடறேன். நீங்க இங்க இருந்து நிதானமா எல்லாத்தையும் பாருங்க. உங்க லென்ஸுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது.

இன்ஜினியர்: துணி மூட்டைக்கு இவ்வளவு அவசரமா?

படகுக்காரர்: டீசல் கம்மியா இருக்கு.

இன்ஜினியர்: ரெண்டு கேன் நிறைய இருக்கு. என் கால் அது மேலதான் இருந்துச்சு.

பம்ப்காரர்: மேடம், படகு போகட்டும். நான் உங்க கூடவே இருக்கேன். என்ன வேணாலும் கேளுங்க.

இன்ஜினியர்: படகு நகரக் கூடாது. ரம்பம் எங்கன்னு சொல்லுங்க, அப்பறம் பாக்கலாம்… அது என்ன சத்தம்?

பம்ப்காரர்: எது?

இன்ஜினியர்: பின்னாடி ரூம்ல.

பம்ப்காரர்: பூனை.

படகுக்காரர்: இங்கயா வெச்சிருக்க அவள? வீட்ல இல்லையா?

பம்ப்காரர்: படகு வந்த உடனே தூக்கறதுக்கு வசதியா இருக்கும்னு விடியறப்பவே கொண்டு வந்துட்டோம்.

இன்ஜினியர்: யார?

படகுக்காரர்: சொல்லிடுடா.

பம்ப்காரர்: மச்சான், கண்ணாடிக்காரர் சொல்லியிருக்காரு…

படகுக்காரர்: கண்ணாடிக்காரர் இங்க இல்லடா! உள்ள கிடக்கறது என் தங்கச்சி! நீ சொல்றியா, நான் சொல்லவா?

பம்ப்காரர்: என் சம்சாரம் மேடம். மூணு நாளா வலது பக்கம் அடிவயித்துல வலி. முந்தாநாள்ல இருந்து காய்ச்சல். நேத்து ராத்திரியில இருந்து நிமிந்து படுக்க முடியல, காலச் சுருட்டிக்கிட்டே கிடக்கறா. தொட்டா கத்தறா.

இன்ஜினியர்: இத ஏன் நான் வந்து எறங்கின உடனே சொல்லல?

பம்ப்காரர்: சொன்னா, ரம்பம் எங்கன்னு கேப்பீங்களே. பின்ன அறுத்தது நான்தான். இதையும் சேத்து ஆறு தடவ.

இன்ஜினியர்: படகுக்காக.

பம்ப்காரர்: படகுக்காக.

இன்ஜினியர்: முதல்ல அவங்களத் தூக்குங்க. ரெண்டு பேரும் போங்க. புதுப் பின்ன நான் மாட்டிடறேன், பத்து நிமிஷம்கூட ஆகாது. படகுல படுக்க வைக்க என்ன இருக்கு?

படகுக்காரர்: பலகை இருக்கு மேடம். மெத்தையும் இருக்கு. எப்பவும் வெச்சிருப்பேன்.

இன்ஜினியர்: அந்தப் பலகை மேலதான் நான் உக்காந்துட்டு வந்தேனா?

படகுக்காரர்: ஆமா. நீங்க உக்காரும்போதே மனசுல நெனச்சேன், திரும்பிப் போகும்போது இவங்கள எங்க உக்கார வைக்கறதுன்னு.

*

இன்ஜினியர்: இன்னும் எவ்வளவு நேரம்?

படகுக்காரர்: பாறையத் தாண்டிட்டோம். இதே வேகத்துல போனா மூணு மணிக்குள்ள டவுன்.

இன்ஜினியர்: அவங்க எதோ சொல்றாங்க பாருங்க.

பம்ப்காரர்: வீட்டப் பூட்டினியான்னு கேக்கறா.

படகுக்காரர்: பூட்டினியாடா?

பம்ப்காரர்: இல்ல.

படகுக்காரர்: பூட்டிட்டான்மா! நீ கண்ண மூடிப் படு… தலையக் கொஞ்சம் தூக்கிப் பிடி மாப்ள, தண்ணி தெறிக்குது.

இன்ஜினியர்: இந்தத் துண்ட நனைச்சு நெத்தியில போடுங்க. உங்க ஊர்ல ஆஸ்பத்திரிப் படகு வராதா?

பம்ப்காரர்: மாசத்துக்கு ஒரு தடவ வரும். ஊசி போடுவாங்க, மாத்திரை கொடுப்பாங்க, போயிடுவாங்க. அது வர்ற நாள் பாத்து யாருக்கும் நோவு வர்றதில்ல. அவசரத்துக்கு ஒரு படகு வேணும்னு நாலு தடவ எழுதிப் போட்டோம். முன்னூறு பேர் இருந்தாத்தான் கொடுப்பாங்களாம். நாங்க இருநூத்தி நாப்பது பேரு.

படகுக்காரர்: அறுபது பேரப் பெத்துட்டு வந்து கேளுங்கன்னு ஒரு கிளார்க் சொன்னானே, அதையும் சொல்லு.

இன்ஜினியர்: போன்?

பம்ப்காரர்: டவர் கிடையாது. எங்க ஊர்ல பேசினா பட்டணத்துல காதுல விழற ஒரே ஆளு அந்தப் பம்ப்தான் மேடம்.

இன்ஜினியர்: எப்படி ஆரம்பிச்சுச்சு இது?

பம்ப்காரர்: தையல்காரர் சம்சாரத்துல இருந்து. அவங்களுக்குப் பிரசவத்துல குழந்த குறுக்க திரும்பிடுச்சு. எங்ககிட்ட இருக்கறது துடுப்புப் படகுதான். நாலு பேரு மாத்தி மாத்திப் போட்டோம். இந்தப் பாறைகிட்ட வர்றதுக்கே ஒன்றரை நாளாச்சு. பாறையில இறக்கி, தூக்கிட்டு நடந்து, மறுபடி தண்ணியில இறக்கி… மறுபடி இறக்கறப்ப அந்த அம்மா இல்ல.

இன்ஜினியர்: குழந்த?

பம்ப்காரர்: ரெண்டும்தான். அது நடந்து பத்து நாள் இருக்கும். பம்ப்ல வலைக் கயிறு சிக்கி முதல் பின் உடைஞ்சுச்சு. அது தானா உடைஞ்சது, நீங்க சொன்னது சரிதான். மறுநாள் காலையில எட்டு மணிக்குப் படகு வந்து நிக்குது! இன்ஜின் படகு. மச்சான் ஓட்டிட்டு வர்றான், கண்ணாடிக்காரர் பெட்டியோட எறங்கறாரு. தையல்காரர் கரையில நின்னு பாத்துட்டே இருந்தாரு. என்கிட்ட வந்து ஒரே ஒரு வார்த்த கேட்டாரு. 'பம்புக்கு ஒரு நாள்ல வருவாங்களா?'ன்னு.

இன்ஜினியர்: ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. ஒரு நாளைக்கு மேல தண்ணி நிக்கக் கூடாது.

பம்ப்காரர்: கோவமா கேக்கல மேடம். தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. அதுக்கப்பறம் ஆறேழு வாரம் கழிச்சு கடைக்காரரோட அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுச்சு. அன்னிக்கு ராத்திரியே ரம்பத்த எடுத்துட்டேன்.

இன்ஜினியர்: உங்களுக்கு இது எப்பத் தெரியும்?

படகுக்காரர்: எனக்கா? ரெண்டாவது தடவையே. பம்ப் உடையறப்பவெல்லாம் எவனாவது நோவுல கிடக்கறான்னா, அதப் புரிஞ்சுக்க லென்ஸ் வேணுமா? சொந்தக்காரன்கிட்டகூட சொல்லலியேன்னு நாலு நாள் இவன்கிட்ட நான் பேசல.

இன்ஜினியர்: கண்ணாடிக்காரருக்கு?

பம்ப்காரர்: அவருக்கும் அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா காட்டிக்கல. கெளம்பறப்ப, 'காலியாத்தானே திரும்பிப் போறோம், யாராவது ஏறறதுன்னா ஏறுங்க'ன்னாரு. அவ்வளவுதான். நாலாவது தடவ வந்தப்ப பெட்டியில இருந்து ஒரு புது ரம்ப பிளேடு எடுத்து என் கையில கொடுத்தாரு. 'பழைய பிளேடு கோணலா அறுக்குதுய்யா, மோட்டார் ஷாஃப்ட் கீறிடப் போகுது'ன்னாரு.

படகுக்காரர்: அந்தத் தடவ நான் சிரிச்ச சிரிப்புல படகு ஆடிப்போச்சு.

பம்ப்காரர்: 'சும்மா சும்மா அறுக்காத, ரெண்டு மாசமாவது இடைவெளி வேணும், இல்லைன்னா மேல சந்தேகம் வரும்'னாரு. 'உன்னால முடியலைன்னா மட்டும் அறு'ன்னாரு. அதுக்கப்பறம்தான் அந்தத் தேய்க்கற வேல. திரும்பிப் போறப்ப படகுல உக்காந்து, மடியில துணியப் போட்டுக்கிட்டு, உடைஞ்ச பின்ன அரத்தால தேச்சுக்கிட்டே வருவாரு. எதுக்குன்னு கேட்டேன். 'ஆபீஸ்ல திருப்பிக் கொடுக்கணும், கொஞ்சம் அழகா இருக்கட்டும்'னாரு.

இன்ஜினியர்: …எங்களுக்கு அதுதான் சந்தேகமாச்சு.

பம்ப்காரர்: எது மேடம்?

இன்ஜினியர்: தேச்சது. வெறும் ரம்பக் கோடு மட்டும் இருந்திருந்தா யார் வேணா அறுத்திருக்கலாம்னு விட்டிருப்பாங்க. உடைஞ்சதுக்கு அப்பறம் தேச்சிருக்குன்னா, அது கையில இருந்த ஆளத்தான் தேடுவாங்க.

படகுக்காரர்: அவரு மேல சந்தேகமா? அவர யாராவது எதாவது கேட்டாங்களா?

இன்ஜினியர்: அவங்க முழிச்சுட்டாங்க பாருங்க. தண்ணி கேக்கறாங்களா?

பம்ப்காரர்: ஆமா. கொடுக்கலாமா?

இன்ஜினியர்: வேண்டாம். ஆபரேஷன்னு சொன்னா வயிறு காலியா இருக்கணும். உதட்ட மட்டும் நனைச்சுவிடுங்க.

பம்ப்காரர்: முந்தாநாளே அறுத்திருக்கணும் மேடம். ஊருக்குன்னா யோசிக்காம அறுத்துடுவேன். இது எம்பொண்டாட்டி. என் வீட்டுக்காக அறுத்தா நாலு பேரு என்ன நெனப்பாங்கன்னு ஒரு நாள் பொறுத்துட்டேன். வயித்து வலிதானே, சரியாப் போயிடும்னு…

படகுக்காரர்: இத ஏன்டா என்கிட்ட இப்ப சொல்ற? நான் படகு ஓட்டறதா, உன்னத் தூக்கி ஆத்துல போடறதா?

பம்ப்காரர்: போட்டுடு மச்சான். ஆனா முதல்ல டவுனுக்குப் போ.

படகுக்காரர்: போயிட்டுத்தான்டா இருக்கேன்…

பம்ப்காரர்: மேடம், உங்க ரிப்போர்ட்ல எம்பேர எழுதிக்கங்க. கண்ணாடிக்காரருக்கு எதுவுமே தெரியாதுன்னு எழுதுங்க. அவரு ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு.

இன்ஜினியர்: உங்க பேர எழுதினா உங்க வேலை போயிடும்.

பம்ப்காரர்: போகட்டும். வேற ஆளப் போடுவாங்க. அவனுக்கும் பொண்டாட்டி இருப்பா.

*

படகுக்காரர்: டீ சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க மேடம். ராத்திரி முழுக்க இந்த பெஞ்ச்லயேவா உக்காந்திருந்தீங்க? வீட்டுக்குப் போயிருக்கலாமே, விடியறதுக்குள்ள போய்ச் சேர பஸ் இருந்துச்சே.

இன்ஜினியர்: பரவாயில்ல. டாக்டர் வந்தாரா?

பம்ப்காரர்: இப்பதான் வந்துட்டுப் போனாரு. குடல்வால் உள்ளயே வெடிச்சிருந்துச்சாம். கழுவி, குழாய் வெச்சிருக்காங்க. பத்து நாள் இருக்கணுமாம். கண் முழிச்சுட்டா.

இன்ஜினியர்: பேசினாங்களா?

பம்ப்காரர்: பேசினா. வீட்டப் பூட்டலைன்னு தெரிஞ்சுபோச்சு. இவன் உளறிட்டான்.

படகுக்காரர்: நான் எங்க உளறினேன்? அவ கண்ணப் பாத்துப் பொய் சொல்ல வரல எனக்கு. இவன் பன்னெண்டு வருஷமா பழகிட்டான்.

இன்ஜினியர்: நல்லது. நான் எழுதித் தரச் சொன்ன பேப்பர எழுதிட்டீங்களா?

பம்ப்காரர்: எழுதிட்டேன். ரெண்டு பக்கம் வந்துடுச்சு. எப்பெப்ப அறுத்தேன், யார் யாருக்காக அறுத்தேன்னு எல்லாம் போட்டிருக்கேன். தையல்காரர் சம்சாரத்தப் பத்தியும் எழுதினேன். அவங்களுக்காக அறுக்கல, ஆனாலும்… எழுதலாமில்ல?

இன்ஜினியர்: எழுதுங்க. அவசரப் படகு கேட்டு நாலு தடவ எழுதினதையும் தேதியோட போடுங்க. அவங்க அனுப்பின பதிலும் வேணும்.

பம்ப்காரர்: பதில் வீட்ல பத்திரமா இருக்கு.

படகுக்காரர்: பூட்டாத வீட்ல.

இன்ஜினியர்: படகுக்கு இது உதவுமான்னு எனக்குத் தெரியாது. உங்க வேலைக்கும் நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதையும் இப்பவே சொல்லிடறேன்.

பம்ப்காரர்: நான் கேக்கவே இல்லையே மேடம்.

இன்ஜினியர்: கடைசியில ஒரு வரி சேருங்க. 'இதுக்கு முன்னாடி அறுபட்ட அஞ்சு பின்னையும் அறுத்தது மெக்கானிக் இல்ல'ன்னு.

பம்ப்காரர்: நான்தான் அறுத்தேன்னு எழுதியிருக்கேனே, அப்பறம் அது எதுக்கு?

இன்ஜினியர்: தனியா எழுதுங்க. தெளிவா இருக்கட்டும்.

பம்ப்காரர்: சரி… 'அறுத்தது… மெக்கானிக்… இல்லை.' போதுமா? கையெழுத்தும் போட்டாச்சு.

இன்ஜினியர்: போதும். கொடுங்க.

படகுக்காரர்: மேடம், ஒரு விஷயம் உறுத்துது. அவரு அறுக்கலைன்னு எழுதணும்னா, அவரு அறுத்தாருன்னு எவனாவது சொல்லியிருக்கணுமில்ல?

பம்ப்காரர்: விடு மச்சான், ஆபீஸ் விஷயம்லாம் அப்படித்தான் இருக்கும். மேடம், அவரு வீடு இந்த டவுன்லதானே? லீவு முடியறதுக்குள்ள ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன். இவ பொழச்சுட்டான்னு சொன்னா சந்தோஷப்படுவாரு. வீடு எங்கன்னு தெரியுமா உங்களுக்கு?

இன்ஜினியர்: தெரியும். மூணு தடவ அந்தத் தெரு முனை வரைக்கும் போயிருக்கேன்.

பம்ப்காரர்: வீட்டுக்குள்ள போகலையா?

இன்ஜினியர்: போகல.

படகுக்காரர்: ஏன் மேடம்?

இன்ஜினியர்: அவரு லீவுல இல்லண்ணே. லீவுல இருக்கறது நான். கம்பெனி என்னைய அனுப்பல. நேத்து வர வேண்டிய மெக்கானிக்க நிறுத்திட்டு நானாத்தான் படகுல ஏறினேன். அந்த ஆறு பின்னையும் லேப்ல வெச்சுப் பாத்து, தேச்சது மெக்கானிக்தான்னு ரிப்போர்ட் எழுதினது நான். கூப்பிட்டுக் கேட்டாங்க. 'ஆமா, நான்தான் அறுத்தேன், பயணப் படிக்கு ஆசப்பட்டு அறுத்தேன்'னு எழுதிக் கொடுத்தாரு. வேலையில இருந்து அனுப்பிட்டாங்க. அப்படியும் பின் உடைஞ்சிருக்குன்னு முந்தாநாள் தகவல் வந்துச்சு… ரெண்டு மாசம் முன்னாடி அவர விசாரிச்சப்ப நானும் அந்த ரூம்லதான் இருந்தேன். உங்க ஊர்ல யாராவது அறுத்திருப்பாங்களான்னு அவர்கிட்ட ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டேன். அந்த ஊர்ல யாருக்கும் ரம்பம் பிடிக்கவே தெரியாதும்மான்னு சொல்லிட்டு, கையெழுத்துப் போட்டுட்டு, எழுந்து போயிட்டாரு.